முட்டிக்குப் போட்ட மாத்திரை

மருந்துக் கடையில் நிற்பவளுக்கு முதலில் தேய்வது முட்டி, அடுத்தது நம்பிக்கை. ஆவடியில் இருந்து வெள்ளானூர் போகிற வழியில் உள்ள ஒரு கடையில் நான் பார்மசிஸ்ட். காலையில் ஷட்டரைத் தூக்கியதில் இருந்து நின்றபடிதான் பிழைப்பு. நீங்களும் துணிக்கடையிலோ பள்ளிக்கூடத்திலோ நின்று சம்பாதிக்கிறவராக இருந்தால், சாயங்காலம் மாடிப்படியைப் பார்த்ததும் வருகிற எரிச்சலை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முட்டிக்கென்று விற்கிற சத்து மாத்திரையைப் பற்றி என்னிடம் விசாரிக்காத ஆளே கிடையாது. குளுக்கோசமைன் என்று வாய்க்குள் நுழையாத பெயர். எனக்கு அந்த மாத்திரைமேல் சந்தேகம், வாங்க வருகிறவர்களுக்கு என்மேல் சந்தேகம். போன மழைக்காலத்தில் இந்தச் சந்தேகங்களுக்கு நடுவே ஒரு மனிதரின் உயிர் மாட்டிக்கொண்டது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நீங்க சாப்பிடுறீங்களா?

வசந்தி மேடம் கோயம்புத்தூர்க்காரர். மகனுக்கு இங்கே ஐ.டி. வேலை என்பதால் வெள்ளானூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார். மகள் அமெரிக்காவில். எந்த டப்பாவைக் கையில் கொடுத்தாலும் முதலில் தேதியைப் பார்ப்பார், அப்புறம் விலையை, அப்புறம் என் முகத்தை. ஒருநாள் முட்டி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, இது உண்மையிலேயே கேட்குமா என்றார்.

எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொன்னேன். சிலர் மாதக்கணக்கில் சாப்பிட்டு வலி குறைந்தது என்கிறார்கள், சிலருக்கு ஒன்றுமே ஆவதில்லை, டாக்டர்களிலேயே இரண்டு கட்சி உண்டு. வயிறு எரியலாம். சர்க்கரை இருந்தால் கவனம் வேண்டும். வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர், நான் சாப்பிடுகிறேனா என்றார். இல்லை என்றேன். ஆமாம் என்றிருந்தால் கம்பெனிக்காரன் சும்மா கொடுத்திருப்பான் என்று நினைத்திருப்பார். டப்பாவை என் பக்கம் நகர்த்திவிட்டு அவர் சொன்னது:

“விக்கிற நீங்களே சாப்பிடறதில்ல, அப்பறம் எனக்கெதுக்குங்க?”

நண்டு ஓடு

பூந்தமல்லியில் டூவீலர் மெக்கானிக் ஒருவர். மாமியார் வீடு எங்கள் தெருவில் என்பதால் வரும்போதெல்லாம் கடைக்கு வருவார். நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து வேலை பார்த்து முட்டி போய்விட்டது. யாரோ ஒருவர் சொன்னாரென்று அதே மாத்திரையைக் கேட்டார். இறால், நண்டு சாப்பிட்டால் உடம்புக்கு ஆகுமா என்று கேட்டேன். இதையெல்லாம் எதற்குக் கேட்கிறாய் என்பதுபோல முறைத்தார். நண்டு தின்றால் மூஞ்சி வீங்கி, மூச்சு வாங்குமாம்.

இந்த மாத்திரையைப் பெரும்பாலும் இறால் ஓடு, நண்டு ஓட்டில் இருந்துதான் எடுக்கிறார்கள் என்று சொன்னேன். ஒவ்வாமை சதையில்தான், ஓட்டில் இல்லை என்று சொல்கிறவர்களும் உண்டு. இருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்க அவருடைய மூஞ்சிதானா கிடைத்தது? கொடுக்க மாட்டேன், முதலில் டாக்டரைப் பாருங்கள் என்றேன். நான் ஏதோ கதை விடுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, இப்படிக் கேட்டார்:

“இன்னாக்கா, முட்டிக்கு மாத்திர கேட்டா நண்டு ஓட்ட காட்டுற, அத துன்னுகினு நான் சைடுலயா நடக்கறது?”

சவரக் காயம்

கணபதி சார் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வசந்தி மேடம் இருக்கிற குடியிருப்பிலேயே வீடு வாங்கி வந்தார். இதயத்தில் ஒரு வால்வு மாற்றியிருக்கிறார்கள். அதில் ரத்தம் உறைந்து அடைத்துவிடாமல் இருக்க ஆயுசு முழுக்க ஒரு மாத்திரை. அது குறைந்தால் அடைப்பு, கூடினால் ரத்தம் நிற்காது. அதனால் அடிக்கடி ரத்தம் சோதித்து, அது உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்ற அளவைப் பார்த்து டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். சார் இதில் மகா கறார்.

அவர் ஒருநாள் தாடையில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு வந்து பஞ்சும் படிகாரமும் கேட்டார். சவரம் செய்யும்போது பட்ட சின்னக் கீறல், காலையில் இருந்து கசிந்துகொண்டே இருக்கிறது. மாத்திரையின் வேகம் கூடிவிட்டதோ என்று பட்டது. புதிதாக ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். நாட்டு மருந்து, கஷாயம், லேகியம் எதுவும் இல்லை என்றார். உடனே டாக்டரைப் பாருங்கள் என்று நான் வற்புறுத்தியதில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“டாக்டர் எழுதாத ஒரு மாத்திரையக்கூட நான் தொட்டதில்லம்மா, என்னப் பத்தி உங்களுக்குத் தெரியாது.”

போலி மருந்து

சோதனையில் அளவு எகிறியிருந்தது. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். அடுத்த சோதனையில் இன்னும் ஏறியிருந்தது. சாரின் கை முழுக்க நீலம் பாரித்துப்போயிற்று, பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். மனிதர் யோசித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். கடையில் நாலு பேர் நிற்கும்போது மாத்திரை அட்டையை என் முன்னால் வீசி, போலி மருந்தைக் கொடுத்து ஆளைக் கொல்லப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். மருந்து ஆய்வாளரிடம் எழுதிக் கொடுக்கப்போவதாகவும் சொன்னார். மறுநாளில் இருந்து அவருடன் பார்க்கில் நடக்கிற கூட்டம் மொத்தமும் எதிர்க் கடைக்குப் போய்விட்டது.

அவமானத்தைவிட எனக்குப் பயம்தான் அதிகம். ஒருவேளை நிஜமாகவே போலியாக இருந்தால்? இருப்பில் இருந்த அட்டைகளையெல்லாம் இறக்கித் தொகுதி எண்ணைச் சரிபார்த்தேன். சப்ளை செய்கிற ஏஜென்சியைப் போனில் பிடித்துக் குடைந்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதே மாத்திரையைச் சாப்பிடுகிற இன்னும் இரண்டு பேருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பில் போடுகிற தேவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தவள், கடைசியில் சொன்னாள்:

“அக்கா, நம்ம மாத்திர நல்லாத்தான் கீது, அவரு வேற இன்னாத்தையோ முழுங்கிகினு கீறாரு.”

காலையில் இருந்து சொல்லுங்க

அந்த வாரமே சாருக்கு நடைப்பயிற்சியின்போது மூக்கில் ரத்தம் கொட்டி, சட்டையெல்லாம் நனைந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். ஊசி போட்டு ரத்தத்தை நிறுத்தியிருந்தார்கள். மூளைக்குள் கசிந்தால் ஆபத்து என்று சொல்லியிருந்தார்களாம். அவருடைய மனைவி கமலா அம்மா, ஆஸ்பத்திரிக்கு வேண்டிய சாமான் வாங்க என் கடைக்குத்தான் வந்தார். கண் சிவந்திருந்தது. வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்று அங்கேயும் கேட்டார்களாம், இந்த அம்மாவும் இல்லை என்றுதான் சொன்னாராம்.

மாத்திரை என்ற வார்த்தையே வேண்டாம் என்று முடிவு செய்தேன். சார் காலையில் எழுந்ததில் இருந்து வாயில் என்னென்ன போடுகிறார், வரிசையாகச் சொல்லுங்கள் என்றேன். வெந்நீர், காபி, அப்புறம் பார்க். பார்க்கில் என்ன? நடந்து முடித்ததும் எல்லோரும் பெஞ்சில் உட்காருவார்கள், வசந்தி மேடம் ஆளுக்கொன்று கையில் கொடுப்பார், தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்கு வருவார் என்றார். ஆளுக்கொன்று என்றால் எது? மேடம் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு வரும்போது கொண்டுவந்தது, முட்டிக்கு, பெரிய டப்பா என்றார். அதை ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அந்த அம்மா விழித்தார்.

“அது மாத்திரை இல்லியேம்மா, சத்துதானே?”

அமெரிக்கா டப்பா

கமலா அம்மாவைக் கடையில் நிற்கவைத்தே ஆஸ்பத்திரிக்குப் போன் போடச் சொன்னேன். அந்த டப்பாவை உடனே எடுத்துவரச் சொன்னார்கள், அதில் எழுதியிருந்தது அதே குளுக்கோசமைன். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுகிற மாத்திரையின் வேகத்தை இது ஏற்றிவிடக்கூடும், இன்றோடு நிறுத்துங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சார் பிழைத்தார் என்று கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் கடை தப்பித்ததற்கும் சேர்த்துத்தான் அழுதேன்.

உங்கள் குடியிருப்பிலும் இது நடக்கும், யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் சாக்லேட், பாதாமோடு மாத்திரை டப்பாவும் கொண்டுவந்து அக்கம்பக்கத்துக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். கைக்கு வருவது மாத்திரை மட்டும். எச்சரிக்கை அச்சடித்த டப்பா கொடுத்தவர் வீட்டு அலமாரியில் இருக்கும். என்னிடம் துருவித் துருவிக் கேட்ட வசந்தி மேடம்கூட மகள் வாங்கித் தந்த டப்பாவைத் திருப்பிப் பார்க்கவில்லை. கடைக்கு வந்து அழுதார்.

“சாக்லேட்டக் குடுத்தா சர்க்கர இருக்குதுன்னு வேண்டாம்பாங்க, இதக் குடுத்தப்ப ஒருத்தருகூட என்னன்னு கேக்கலியேங்க.”

பதில் இல்லாத கேள்வி

அளவு சரியாகி, சார் மறுபடி நடக்க ஆரம்பித்த பிறகு கடைக்கு வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பழைய மாத்திரையையே, அதே கம்பெனியையே கேட்டார். அட்டையை வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போட்டார். பார்க்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். போனவர் படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முட்டி எப்படி இருக்கிறது சார் என்று கேட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

“முந்தி எப்படி வலிச்சுதோ, அத சாப்பிட்டப்பவும் அப்படித்தான் வலிச்சுது, இப்பவும் அப்படித்தான் வலிக்குது. எதுக்கும்மா நான் சாகப் பார்த்தேன்?”

கவுண்டரில் என்னை ஆயிரம் கேள்வி கேட்டு வெறுங்கையோடு போகிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் பாசமாக நீட்டினால் ஒரு கேள்வியும் கேட்காமல் வாயைத் திறந்துவிடுகிறார்கள் என்பதுதான் இத்தனை காலம் நின்றதில் நான் தெரிந்துகொண்ட மருத்துவம்.