தன்னையே வெளியே தள்ளிய பூட்டு சார்

என் அத்தானுக்கு அவர் அலுவலகத்தில் வைத்திருக்கும் பெயர் 'பூட்டு சார்'. அலுவலகக் கணினிகளை இணைத்து வைப்பதும், வெளியாள் யாரும் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. பதினெட்டு வருடமாகப் பார்க்கிறார். அதற்காக வீட்டு ஃபிரிட்ஜையும் பூட்டி வைப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். பூட்டத்தான் நினைத்தார், அக்கா விடவில்லை.

அக்கா மாடிப்படியில் சறுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு படுத்திருப்பவளைத் தூக்கி உட்காரவைக்க வீட்டில் வேறு ஆள் இல்லை. உதவிக்கு வந்திருந்த நானும் விடுமுறை முடிந்ததும் ஊருக்குக் கிளம்ப வேண்டும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று அத்தான் கேட்டதற்கு மேலாளர் அரை மனதோடு, "வர்ற லீவு அன்னைக்குப் பதினோரு மணிக்கு நானே சோதிச்சுப் பாக்குறேன். இணைப்பு சரியா இருந்தா ஒரு மாசம் வீட்ல இருங்க. இல்லன்னா தினமும் ஆபீஸ்தான்" என்று சொல்லியிருந்தார்.

"இவர் வீட்ல இருந்தா எனக்கு இன்னொரு காலும் போயிடும்" என்று அக்கா முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

அந்த விடுமுறை நாளில், ஒன்பது மணிக்கே அத்தான் விபிஎன் என்ற பாதுகாப்பான இணைய வழியாக அலுவலக நெட்வொர்க்குக்குள் போய்விட்டார். அதோடு சும்மா இருந்திருக்கலாம். இருப்பாரா? வெளியாட்களைத் தடுக்கும் ஃபயர்வால் யார் யாரை உள்ளே விட்டிருக்கிறது என்ற பட்டியலை மேய்ந்தவர், திடீரென்று துள்ளினார்.

"பாத்தியா மாப்ள! எவனோ ஒருத்தன் வெளியேருந்து வந்து ஒன்பது மணிலேருந்து உள்ளயே உக்காந்திருக்கான்!"

"விடாதீங்க அத்தான்!" என்று நானும் ஏற்றிவிட்டேன்.

அந்த ஆள் வந்த இணைய எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு, தடை போட்டு, கையைத் தட்டிக்கொண்டார். அடுத்த நொடியே அவர் திரை உறைந்துபோனது.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. மோடத்தை மூன்று முறை அணைத்துப் போட்டார். கம்பிகளைப் பிடுங்கிச் செருகினார். "கொஞ்சம் அந்தக் காலை நகத்து, வயர் மேல இருக்கு" என்று அக்காவை அதட்டினார்.

"வயர் அந்தப் பக்கம் இருக்கு. உங்க கண்ணு எந்தப் பக்கம் இருக்கு?" என்றாள் அவள்.

பத்தேகாலுக்கு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்த வீட்டு இணைய எண் என்னவென்று என் போனில் தேடி, தாளில் இருந்ததோடு ஒத்துப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட மாறவில்லை. அத்தான் பிடித்த திருடன் அத்தானேதான்! அவர் முகத்தில் ஈயாடவில்லை.

தூரத்திலிருந்து ஃபயர்வாலைத் தொடுவதற்கு முன், பத்து நிமிடத்தில் அது தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும்படி வைத்துவிட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுப்பவர் அவர். தான் மட்டும் வைக்கவில்லை. போன் இணைப்பு வழியாக நுழையலாமென்றால், அதையும் அவரே எப்போதோ தடுத்து வைத்திருந்தார். நல்லவேளையாக, போட்ட தடையைச் சேமிக்கவும் இல்லை. அங்கே பூட்டிய அறையில் இருக்கும் ஃபயர்வால் பெட்டியை யாராவது அணைத்துப் போட்டால் போதும், தடை அழிந்துவிடும். ஆனால் அலுவலகத்தில் இருந்தது வாட்ச்மேன் ஒருவர்தான். அத்தான் அவருக்குப் போன் போட்டார்.

"சார், உங்க பேரைச் சொல்லி யார் போன் பண்ணினாலும் அந்த ரூமைத் திறக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"யோவ், நான்தான்யா பேசறேன்!"

"அப்படித்தான் பேசுவாங்கன்னும் சொன்னீங்களே சார்."

மணி பத்து நாற்பது. அத்தான் கெஞ்சினார், மிரட்டினார், தன் சட்டை நிறம் முதல் செருப்பு அளவு வரை ஒப்பித்தார். வாட்ச்மேன் மசியவில்லை. இனி அக்காவை யார் பார்த்துக்கொள்வது?

படுக்கையிலிருந்து அக்கா கத்தினாள்: "பதினெட்டு வருஷமா அந்த ரூமைக் கட்டிக்கிட்டு அழுதாரு! இப்ப இவரையே உள்ள விட மாட்டேங்கிறாங்க! நல்லா வேணும்!"

அது போனில் கேட்டுவிட்டது. வாட்ச்மேன், "சார், அது அம்மா குரலாச்சே? தினமும் ஆறு மணிக்கு வாசல் கேட்டுக்குப் போன் பண்ணி, 'கிளம்பிட்டாரா, இல்லையா'ன்னு என்னையும் சேர்த்துத் திட்டுவாங்களே! முன்னாடியே அவங்களைப் பேசச் சொல்லக் கூடாதா? இதோ திறக்கறேன்!" என்றார்.

அவர் பெட்டியை அணைத்துப் போட, பத்து ஐம்பத்தெட்டுக்கு இணைப்பு உயிர் பெற்றது. பதினோரு மணிக்கு மேலாளர் இரண்டு நிமிடம் சோதித்தார், ஒரு மாதம் என்று போனில் சொல்லிவிட்டார்.

அத்தான் தயங்கித் தயங்கி அக்காவிடம் போனார். "ஒரு மாசம் குடுத்துட்டாங்க. உனக்குத் தொல்லைதான். பொறுத்துக்க."

"ஒரு மாசம்தானா?" அக்கா அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். "கட்டுப் பிரிக்க ஆறு வாரம் ஆகும்னு டாக்டர் சொன்னாரேங்க. மிச்ச ரெண்டு வாரம் நான் தனியா என்ன பண்ணுவேன்?"

அத்தான் உடனே போனை எடுத்து மேலாளரை மறுபடியும் அழைத்தார்.