சோதனைக்காரி விளையாட்டு

பாலர் பள்ளி ஆசிரியைகளுக்கான பயிற்சி வகுப்பில்தான் உளப்பகுப்பாய்வு என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டேன். பிறந்த குழந்தைக்குத் தானும் தாயும் வேறு வேறு என்பது தெரியாது, இருவருக்கும் ஒரே உடம்பு என்றுதான் அது நினைத்துக்கொண்டிருக்கும் என்றார் விரிவுரையாளர். தாய் போவதும் வருவதுமாக இருக்க இருக்கத்தான் அவள் வேறு ஆள் என்பது அதற்குப் பிடிபடுமாம். பக்கத்தில் இருந்தவள் கொட்டாவி விட்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் கதையை யாரோ இந்த மனிதரிடம் சொல்லிவிட்டார்களோ என்று இருந்தது.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலத்தில் எனக்கு நான்கு வயது. கோல சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர்த் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் சொந்தமில்லை, அங்கே லயம் என்ற தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் ஒரு வீடு எங்களுக்கு இருந்தது. லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட்டு வைத்திருந்தார்கள். அம்மா பால்மரம் வெட்டுபவள், அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் இறக்குபவள். விடிந்ததும் என்னை ஆயாக் கொட்டகையில் இறக்கிவிட்டு வெட்டுக்குப் போவாள். வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளை வைத்துக்கொள்ளத் தோட்டத்தில் கட்டியிருந்த பலகைக் கொட்டகை அது. பார்த்துக்கொண்ட ஆயாவுக்கு இடிக்குரல், பஞ்சு மனசு.

வேலி வருவதற்கு முன்பு, மரங்களை வெட்டி முடித்துப் பால் எடுக்கும் வரை கிடைக்கும் சிறிது நேரத்தில் அம்மா ஓடிவந்து எனக்கு ஊட்டிவிட்டுப் போவாளாம். வேலியும் கேட்டும் வந்ததும் அது நின்றது. வெளியே போனால் மதியம் பாலை எடை போட்டுக் கொடுத்த பிறகுதான் உள்ளே வர முடியும். சாப்பாடும் கொண்டுபோகக் கூடாது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறுகூடப் போய்ச் சேரக் கூடாது என்பது உத்தரவு.

கொட்டகைச் சன்னலிலிருந்து கேட்டு நன்றாகத் தெரியும். பெண்களைச் சோதனை போடப் பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, ஒரு மலாய்க்கார அம்மாள் வருவார். ஒவ்வொருத்தியாகக் கையைத் தூக்கி நிற்க, வாளியைத் தட்டி, இடுப்பைத் தடவிப் பார்த்து, “பொலே ஜாலான்” என்பார். போகலாம் என்று அர்த்தம். ஒருநாள் அம்மாவின் மடியிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை அவர் எடுத்துத் தனியே வைத்ததைப் பார்த்தேன். அம்மா வெறும் மடியோடு வெளியே நடந்தாள்.

அன்றிலிருந்து நான் கொட்டகையில் சாப்பிடவில்லை. என் கணக்கு சுலபமானது: அம்மாவுக்குச் சோறு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள், ஆகவே எனக்கும் கிடையாது. அவள் வயிறு வேறு, என் வயிறு வேறு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கும் இதை வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை. கஞ்சிக் கிண்ணம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மதியம் அம்மா வந்த பிறகு அவளோடு உட்கார்ந்து நாலு வாய். அவ்வளவுதான். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக நான் இளைத்துக்கொண்டே வந்தேன்.

“புள்ள செத்துகித்துப் போச்சுன்னா என்னையச் சொல்லாத” என்றாள் ஆயா.

அம்மா பயந்துவிட்டாள். கோல சிலாங்கூரில் பிள்ளையில்லாத என் பெரியம்மா இருந்தார். கொஞ்ச காலம் அங்கே விட்டால் பிழைத்துக்கொள்வாள் என்று அப்பாவும் அம்மாவும் முடிவு செய்தார்கள். கொஞ்ச காலம் என்று அனுப்பிய பிள்ளைகள் அங்கேயே வளர்ந்து கல்யாணமும் ஆன கதைகள் அம்மாவுக்கும் தெரியும். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

என்னை பஸ்ஸில் ஏற்ற வேண்டிய அன்று காலையில் கொட்டகைப் பிள்ளைகள் சோதனை விளையாட்டு ஆடினார்கள். வழக்கமாக நான் அம்மாவாகத்தான் வரிசையில் நிற்பேன். அன்று சோதனைக்காரியாக இருக்க வேண்டியவள் காய்ச்சலில் வரவில்லை. நான் போய் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்ததும் உலகமே வேறாகத் தெரிந்தது. யார் போகலாம், யார் நிற்கலாம் என்பதெல்லாம் என் கையில். இன்னொன்றும் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த அம்மாள் கேட்டில் உட்கார்ந்து காப்பியில் பிஸ்கட்டை நனைத்துத் தின்பதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். சோதனைக்காரிக்குச் சாப்பாடு உண்டு.

“ஆயா, கஞ்சி” என்றேன்.

ஆயா உடனே கொண்டுவந்து வைத்தாள். இன்னொரு கிண்ணமும் கேட்டேன். பிள்ளைகள் தங்களுக்கு நடந்ததையே விளையாட்டில் அடுத்தவர்களுக்குச் செய்து பார்த்துத் தேறுகிறார்கள் என்று பின்னாளில் அந்த வகுப்பில் படித்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். கஞ்சியைப் பற்றி மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொல்லிவிட்டு அம்மா அன்று சீக்கிரமே வந்தாள். என் துணிகளைக் கட்டிய மூட்டை அவள் கக்கத்தில் இருந்தது. வாசலில் வந்து நின்றவள் என் வாயைச் சுற்றி ஒட்டியிருந்த கஞ்சியைப் பார்த்தாள். நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை.

“வரிசையில நில்லு” என்றேன்.

அம்மா மூட்டையைக் கீழே வைத்தாள். மூன்று பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்றாள். அவள் முறை வந்ததும் கையைத் தூக்கினாள். உட்கார்ந்தபடி எனக்கு எட்டியது அவள் முழங்கால்தான். அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, “பொலே ஜாலான்” என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அம்மா சிரித்தாள். பிறகு கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதாள்.

“சாப்புடலன்னாலும் அழுவுற, சாப்புட்டாலும் அழுவுற. பெத்த மனம் பித்து, புள்ள மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க” என்று ஆயா சத்தம் போட்டாளாம். மூட்டை வீட்டுக்குத் திரும்பியது. பெரியம்மா வீட்டுக்கு நான் அப்புறம் விருந்தாளியாக மட்டும்தான் போனேன்.

குழந்தை தாயை விட்டு மெல்ல மெல்லப் பிரிந்து தனி ஆளாவதைப் பற்றி விரிவுரையாளர் இரண்டு வாரம் பாடம் நடத்தினார். “தாய் எப்படிப் பிரிவாள், சார்?” என்று கேட்டேன். அது பிறகு வரும் என்றார். படிப்பு முடியும் வரை வரவில்லை. நான் அதற்குப் புத்தகம் எதையும் தேடவில்லை, எனக்குத்தான் பதில் தெரியுமே.

மூட்டை வீடு திரும்பியதற்கு மறுநாள் காலையில் அம்மா என்னை இறக்கிவிட்டுக் கொட்டகை வாசலிலேயே நின்றாள். மற்ற நாட்களில் அவள் கைலியைப் பிடித்த என் விரல்களை ஆயா ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அவளை அனுப்ப வேண்டும். அன்று என் கை இரண்டும் சோதனைக்காரியின் வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தன.

“நேரமாச்சு, போம்மா” என்றேன்.

போனாளாம். கேட்டில் சோதனை முடிந்ததும் அப்படியே நின்று கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பின்னால் நின்ற பெண்கள்தான் தோளைப் பிடித்துத் தள்ளி அவளை வெளியே அனுப்பினார்களாம்.