காலண்டர் ஹாலின் சிவப்பு பல்பு

மணிகண்டராஜ் கற்பனை ஆள் இல்லை. சாத்தூரில் இருக்கிறான். கல்யாண வீடுகளுக்கும் கோயில் கொடை விழாக்களுக்கும் மைக் செட் போடுகிறான். கை குலுக்க நீட்டிப் பாருங்கள். தலையை மட்டும் ஆட்டுவான், வலது கையைத் தரமாட்டான். காரணம் கேட்டால் சொல்வான். அவன் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். ஒரு சத்தத்தைக்கூட நானாகச் சேர்க்கவில்லை.

சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகும் வழியில் காலண்டர் ஹால் இருக்கிறது. ஒரு காலத்தில் காலண்டர் அச்சடித்த தகரக் கொட்டகை. அச்சகம் வேறு இடத்துக்குப் போனதும், முதலாளி செல்லச்சாமி அதை ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ராக் கச்சேரிக்கு விட்டார். மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பேண்டுகள் வந்தன. உள்ளூர் பேண்டின் பெயர் 'நமுத்த வெடி'. பெயரைக் கேட்டுச் சிரித்தவர்கள் முதல் பாட்டிலேயே காதைப் பொத்தினார்கள்.

பொதுவாகத் தகரக் கொட்டகையில் கிதார் வாசித்தால் சத்தம் சுவருக்குச் சுவர் மோதிக் கூழாகிவிடும். இங்கே ஆகாது. மூன்று சுவர்களை ஒட்டியும் விற்காமல் போன பழைய காலண்டர் கட்டுகள் கூரை வரை அடுக்கியிருந்தன. காகிதம் சத்தத்தைக் குடித்துவிடும். போன சத்தம் திரும்பி வராது. அதனால் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கும். கட்டுகளின் மேல்தாளில் முருகனும் லட்சுமியும் வரிசையாக நின்று பாட்டுக் கேட்பார்கள். கீழே பட்டாசு ஆலைப் பிள்ளைகள் ஆடுவார்கள். கழுவியும் போகாத வெள்ளி நிறப் பட்டாசு மருந்து ஒட்டிய கைகளைத் தூக்குவார்கள். மேடை விளக்கில் அத்தனை கைகளும் மினுங்கும். அதைப் பார்க்கவே மணிகண்டராஜ் வேறு வேலை எதையும் ஒத்துக்கொள்ளாமல் ஞாயிறுதோறும் வந்தான். எல்லா மைக்கின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் மிக்சர் மேசைக்குப் பின்னால் அவன் இடம்.

அந்த ஹாலில் ஒரு சட்டம் இருந்தது. வேறு எந்த ஊர் கச்சேரியிலும் இருக்காது.

காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மும் பேஸ் கிதாரும் நெஞ்சில் 'தும்' என்று இடிக்கும். தூரத்தில் ஓர் ஆலை வெடித்தாலும் அதே 'தும்'தான். உள்ளே இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் ஹாலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வெடிச் சத்தம் கேட்டாலோ புகை தெரிந்தாலோ கையில் இருக்கும் சுவிட்சை அமுக்குவார். மிக்சர் பக்கத்தில் ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு எரியும். மிக்சரில் இருப்பவன் அந்த நொடியே ஃபேடர் என்ற சத்தக் குமிழைக் கீழே இழுத்து மொத்தச் சத்தத்தையும் நிறுத்த வேண்டும். ஹால் அமைதியாகும். எல்லாரும் வீட்டுக்குப் போன் போடுவார்கள். எல்லாரும் நலம் என்றால் பாட்டு தொடரும்.

முக்கால்வாசி வேளை அது கல்குவாரி வெடியாக இருக்கும். இல்லையென்றால் லாரி டயர்.

வெளியே உட்கார்பவர் சங்கையா. ஆலையில் வேலை பார்த்து ஒரு காது மந்தமானவர்.

"ஒத்தக் காது போதும்ப்பா. எனக்குப் பாட்டும் ஒண்ணு, பலகாரச் சட்டியும் ஒண்ணு. வெடி மட்டும் தப்பாது" என்பார்.

ஆவணி மாதம். தீபாவளி சீசன். ஆலைகள் ஞாயிற்றுக்கிழமையும் ஓடின. 'நமுத்த வெடி' கடைசிப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தது. டிரம்ஸில் காளீஸ்வரன். மணிகண்டராஜ் அதைப் பதிவு செய்துகொண்டிருந்தான். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக எல்லா வாத்தியமும் அவன் நினைத்தபடியே சேர்ந்து வந்தது.

பல்பு எரிந்தது.

குவாரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தான். பாட்டு முடியட்டும். கூட்டம் பல்பைப் பார்த்துவிடக் கூடாது என்று வலது உள்ளங்கையால் பொத்தினான்.

ஹெட்போனில் ஒரு சத்தம் வந்தது.

டிக்... டிகிடிக்... டிகிடிக்...

பட்டன் போன் வைத்திருந்தவர்களுக்கு இது தெரியும். அந்தப் போனுக்கு அழைப்பு வரும்போது அலை விட்டுவிட்டுத் துடிக்கும். பக்கத்தில் மைக் வயர் இருந்தால் அது ஏரியல் மாதிரி அந்தத் துடிப்பை இழுத்துக்கொள்ளும். மணி அடிப்பதற்கு முன்பே ஸ்பீக்கர் சொல்லிவிடும். சத்தம் கிக் டிரம் மைக்கிலிருந்து வந்தது. அதன் பக்கத்தில் இருந்தது காளீஸ்வரனின் பை. உள்ளே அவன் பட்டன் போன்.

பதிவு கெட்டுவிடுமே... மணிகண்டராஜ் அந்த மைக்கின் சத்தத்தைக் கொஞ்சம் இறக்கினான்.

மறுபடியும் டிகிடிக்.

இன்னும் இறக்கினான்.

பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்த பிறகுதான் பல்பிலிருந்து கையை எடுத்து, ஃபேடரை இழுத்தான்.

காளீஸ்வரன் போனை எடுத்துப் பார்த்தான். மூன்று அழைப்புகள். மூன்றும் தங்கச்சி வள்ளித்தாய் நம்பரிலிருந்து. திரும்பக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கையில் டிரம் குச்சியோடு ஓடினான்.

அன்று வெடித்தது அவள் வேலை பார்த்த பட்டாசு ஆலை. வள்ளித்தாய் அங்கேயே இறந்துபோயிருந்தாள்.

மறுநாள் செல்லச்சாமி கேட்டார். "ஏம்ப்பா, பல்பு எப்ப எரிஞ்சுச்சு?"

"பாட்டு முடியவும்தான் எரிஞ்சுச்சு அண்ணாச்சி."

"நான் அப்பவே அமுக்கிட்டேன்!" என்றார் சங்கையா. "புகைக்கு முந்தியே அமுக்கிட்டேன்!"

"நல்ல காது கேக்கும்னு சொல்லித்தானய்யா ஒம்மை உக்கார வச்சோம்? தூங்கிட்டீரா?" என்றார் செல்லச்சாமி.

சங்கையா மணிகண்டராஜைப் பார்த்தார். மணிகண்டராஜ் ஒரு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சுருட்டி முடித்த வயரைப் பிரித்து மறுபடியும் சுருட்டினான்.

அதன்பின் சங்கையா ஹால் பக்கம் வரவில்லை. டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போனார்கள்.

"போனை எடுத்திருந்தா ரெண்டு வார்த்தை பேசியிருப்பா. அந்தக் கிழவன் என்னைப் பேசவிடாமப் பண்ணிட்டான்" என்று காளீஸ்வரன் அழும்போதெல்லாம் மணிகண்டராஜ்தான் அவன் முதுகைத் தடவிவிட்டான்.

வலது கையால்.

தீபாவளி முடிந்தது. ஆலைகள் எல்லாம் அடைப்பு. வள்ளித்தாய் நினைவாக ஹாலில் ஒரு கச்சேரி வைத்தார்கள். வெடிக்க ஒன்றும் இல்லாததால் வெளியே ஆள் போடவில்லை. வேப்பமரத்தடி நாற்காலி காலியாக இருந்தது. சிவப்பு பல்பின் பிளக்கை மணிகண்டராஜே பிடுங்கினான். பிடுங்கி, வயரைச் சுருட்டி மேசைமேல் வைத்தான். அது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மத்தியானம் தனியாக உட்கார்ந்து மைக்குகளைச் சோதித்தான். வெளியே வெயில் கொளுத்தியது.

டிக்... டிகிடிக்... டிகிடிக்...

தன் போனைப் பார்த்தான். அது டச் போன். அந்த வகையில் இந்தச் சத்தம் வராது. ஒவ்வொரு மைக்கின் சத்தமாக இறக்கிப் பார்த்தான். எது நின்றால் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. கிக் டிரம் மைக்கை இறக்கியதும் நின்றது.

போய்ப் பார்த்தான். பை இல்லை. போன் இல்லை. மைக்குக்கு வரும் வயரின் முனை தரையில் கிடந்தது. மைக்கில் இன்னும் சொருகவே இல்லை.

காளீஸ்வரன் வந்ததும் கேட்டான். "ஏலே, ஒன் பட்டன் போனு எங்கன?"

"அதை அன்னைக்கே ஒடைச்சுப்புட்டேன்லே. இப்ப டச் போனு. சிம் மட்டும் பழசு. ஏன்?"

"சும்மாதான்."

கச்சேரி தொடங்கியது. ஹால் நிறைந்திருந்தது. கடைசிப் பாட்டு. அதே பாட்டு.

உள்ளங்கை சுட்டது.

மணிகண்டராஜ் குனிந்து பார்த்தான். பிளக் மேசைமேல் இருந்தது. சுருட்டிய வயர் அப்படியே இருந்தது.

பல்பு எரிந்தது.

அவன் என்ன செய்தான் தெரியுமா? பொத்தினான். யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய்ப் பொத்தியது.

விரல் இடுக்கெல்லாம் சிவப்பு.

டிக்... டிகிடிக்...

இந்தத் தடவை ஹெட்போனில் மட்டும் இல்லை. எல்லா ஸ்பீக்கரிலும். ஆடியவர்கள் நின்றுவிட்டார்கள்.

டிகிடிக்... டிகிடிக்... டிகிடிக்...

தோல் கருகும் வாடை.

கையை எடுத்தான். ஃபேடரை இழுத்தான்.

அமைதி.

மேடையில் காளீஸ்வரனின் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தான். வள்ளித்தாய் நம்பர். காதில் வைத்தான்.

"வள்ளி?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"எங்கன இருக்க புள்ள?"

கேட்டுக்கொண்டே இருந்தான்.

பிறகு போனை மெதுவாக இறக்கினான். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்.

"இருட்டா இருக்காம். கையை எடுக்கச் சொல்லுண்ணேங்குறா." முன்வரிசை முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். "யாரு... யாரு கையை எடுக்கணும்?"

மணிகண்டராஜ் அப்போதே கையை எடுத்திருந்தான். பல்பும் அணைந்திருந்தது.

ஆனாலும் உள்ளங்கை சுட்டது.

எழுந்து நின்றான். கையை விரித்துத் தூக்கினான். நடுவில் பல்பு அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம்.

"என் கைதான்லே" என்றான். "சங்கையா மாமா அன்னைக்கு அப்பவே அமுக்கிட்டாரு. நான்தான் பொத்திக்கிட்டேன். நீ வாசிச்சு முடிக்கட்டும்னு பொத்திக்கிட்டேன்."

சூடு நின்றது.

காளீஸ்வரன் அவனை அடிக்கவில்லை. குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு அவனைக் கடந்து வெளியே போனான். நேராக சங்கையா வீட்டுக்குப் போனதாகப் பிறகு சொன்னார்கள். இன்றுவரை அவன் மணிகண்டராஜோடு பேசுவதில்லை. வேப்பமரத்தடி நாற்காலியில் மறுபடியும் சங்கையா உட்கார்கிறார். மணிகண்டராஜ் அந்த ஹாலுக்குப் போவதில்லை.

இதோடு முடிந்தது என்றுதான் அவன் நினைத்தான்.

தை மாதம் ஒரு கல்யாண வீட்டில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தபோது பாண்டிலட்சுமியைப் பார்த்தான். வள்ளித்தாயோடு அதே அறையில் வேலை பார்த்தவள். அன்று தண்ணீர் குடிக்க வெளியே வந்ததால் பிழைத்தவள்.

"வள்ளி அன்னைக்கு எங்க இருந்து போன் பண்ணுனா? வாசலுக்கு ஓடி வந்துட்டாளா?" என்று கேட்டான்.

பாண்டிலட்சுமி அவனை ஒரு மாதிரி பார்த்தாள்.

"போனா? மருந்து அறைக்குள்ள யாருண்ணே போன் கொண்டுபோக விடுவாக? காலையிலேயே வாங்கி வாசல் இரும்புப் பெட்டியில போட்டுப் பூட்டிருவாக. போன வாரந்தான் போலீசு அந்தப் பெட்டியைத் தெறந்து குடுத்துச்சு. அவ போனு உள்ளயே கெடந்துச்சு."

"அப்ப அவ..."

"அவ எங்க ஓடுனா? மொத வெடியிலயே போயிட்டாண்ணே. நீங்க சத்தம் கேக்குறதுக்கு முந்தியே."

மணிகண்டராஜ் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான்.

உயிரோடு இருந்த ஒருத்தியின் கடைசி நிமிடங்களைத்தான் மறைத்தோம் என்று அதுவரை நினைத்திருந்தான். அப்படி இல்லை. அந்த மூன்று அழைப்புகளும் அவள் செத்த பிறகு வந்தவை.

ஆவணியிலிருந்து ஐப்பசி வரை அவள் இருட்டில் இருந்திருக்கிறாள். எந்த இருட்டில் என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் இன்றும் அவன் அந்தக் கையை மூடுவதில்லை. தூங்கும்போதுகூட.