கார் நின்றால் நிற்கும் இருமல்

கார் பந்தய விளையாட்டை நான் ஜெயிப்பதற்காக ஆடுவதில்லை, படம் எடுப்பதற்காக ஆடுகிறேன். ஓடும் காரை அப்படியே உறையவைத்து, கோணமும் வெளிச்சமும் பார்த்துப் படமாக்கலாம். ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் வீட்டில் ஒரு ஞாயிறு மாலை, மண்சாலையில் சிவப்புக் கார் கிளப்பும் புழுதிக்காகக் காத்திருந்தேன். பக்கத்து அறையில் அப்பா இருமிக்கொண்டிருந்தார். சுரங்கத்தில் வேலை செய்தபோது நெஞ்சில் சேர்ந்த தூசி, இருமல் விடவே விடாது.

பொத்தானை அழுத்தினேன். எஞ்சின் சத்தம் அடங்கி, புழுதி அந்தரத்தில் நின்றது. அப்பாவின் இருமலும் நின்றது.

முதலில் நிம்மதியாக இருந்தது. ஆட்டத்தை ஓடவிட்டதும் இருமல் திரும்பி வந்தது. சந்தேகப்பட்டு மறுபடி நிறுத்தினேன். மறுபடியும் அதே அமைதி. அவருடைய மூச்சு என் விரலடியில் இருப்பதுபோலத் தோன்றியது.

எழுந்து ஓடினேன். அப்பா கட்டிலில் விறைப்பாக உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்தியிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது.

"இன்னாப்பா பண்றீங்க?"

இருமி முடிக்க அவருக்கு நேரமானது.

"வண்டி சத்தம் நின்னா நீ போட்டோ எடுக்கறே. அதான் அடக்கினேன். சுரங்க ஷாஃப்டுக்குள்ள, பாறை விரியற சத்தம் கேக்குதான்னு மேஸ்திரி கை தூக்கினா, ஷிஃப்டுல இருக்கற ஒருத்தரும் மூச்சு விடமாட்டோம். பழகிப்போச்சு."

"இது கேம்ப்பா. நல்லா இருமுங்க."

"நீ பரீட்சைக்குப் படிக்கறப்பவும் இப்டித்தான். அப்போ நீ வந்து பாக்கல," என்று சிரித்தார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் நான். படிப்பதற்கு ஏற்ற அமைதியான வீடு எங்களுடையது என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.