மேடத்துக்கு மதிப்பெண் போட்ட வாரம்

பொருளாதார மேடம் பாடம் நடத்தும்போது ஒரு கையில் சிறிய ரிமோட் இருக்கும். இன்னொரு கை மேசையின் விளிம்பைத் தொட்டபடியே இருக்கும். அந்த இரண்டாவது கையைத்தான் நான் முதலில் கவனித்தேன். பாளையங்கோட்டையில் நாங்கள் வேலை பார்த்த கல்லூரியில், ஆசிரியர்கள் தொழில்நுட்பத்தைப் பாடம் நடத்த எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று மதிப்பிட ஒரு குழு அமைத்தார்கள். புள்ளியியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்த என்னையும் முதல்வர் அதில் போட்டுவிட்டார். மூத்தவர்களின் வகுப்பில் போய் உட்கார்ந்து மதிப்பெண் போடுவதை நினைத்தாலே கூச்சமாக இருந்தது. மதிப்பெண் குறைந்தால் வகுப்புகளைப் பிடுங்கிக்கொண்டு அலுவலக வேலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சு வேறு. கரும்பலகையை விட்டு நகராத இயற்பியல் பேராசிரியர், "வாங்க, அதிகாரியம்மா!" என்று என்னை வரவேற்றார். வகுப்பு முழுவதும் சுண்ணக்கட்டியால் பெரிது பெரிதாக எழுதினார். கணினியைத் தொடவே இல்லை. நான் போட்டதிலேயே குறைந்த மதிப்பெண் அவருக்குத்தான்.

மேடத்தின் கதை வேறு. மேலப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வருவார். திரையில் படங்கள், கைப்பேசியில் வினாடி வினா, பதிவு செய்த பாடங்கள் என்று எங்களுக்கெல்லாம் முன்பே இறங்கியவர். அன்று விலைக்கேற்பத் தேவை மாறுவதைக் காட்டும் கோட்டை விளக்கிக்கொண்டிருந்தார். "வெல ஏறுச்சுன்னா இந்தக் கோடு எங்கன இறங்குதுன்னு பாருங்க" என்றார். திரையில் கோடே இல்லை. ரிமோட் இரண்டு முறை அழுந்தி, ஏதோ ஒரு சந்தையின் படம் வந்திருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி மட்டும் பைய, "ஒண்ணு தாண்டிட்டு மேடம்" என்றாள். மேடம் ஒரு படம் பின்னால் போய், ஒன்றும் நடவாததுபோல் தொடர்ந்தார். மாணவர்கள் கைப்பேசியில் அனுப்பிய கேள்விகளுக்கும், எதையும் வாசிக்காமலேயே பதில் சொன்னார். அவருடைய முக்காட்டுக்குள்ளிருந்து மெல்லிய ஒயர் ஒன்று கைப்பேசிக்கு இறங்குவதை அப்போதுதான் கண்டேன். கைப்பேசி அவருக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தது.

வகுப்பு முடிந்து வராந்தாவில் என்னை நிறுத்தினார்.

"பாத்துட்டியா பிள்ள?"

நான் விழித்தேன்.

"பாத்துட்டேன்னாவது சொல்லு. நீ பேசாம நிக்கதுதான் எனக்குப் பயமா இருக்கு."

பிறகு அவரே சொன்னார். பார்வையின் ஓரங்களிலிருந்து இருட்டு நெருங்கி வந்து, இப்போது ஒரு வளையல் அளவு வெளிச்சம்தான் மிச்சமாம். "எங்க உம்மாவுக்கும் இப்படித்தான் போச்சு. வீட்டுல தெரியும். இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆபீசுக்குத் தெரிஞ்சா வீட்டுல போயி இரின்னுருவாங்களோன்னு தெனமும் பதறிக்கிட்டேதான் வாரேன்."

மறைக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லித் தப்பித்திருப்பேன். எந்தக் கருவி, எவ்வளவு நேரம், மாணவர் பங்கேற்பு எப்படி என்றெல்லாம் மதிப்பீட்டுப் படிவத்தில் கேட்டிருந்தார்கள். ஏன் பயன்படுத்துகிறார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டவற்றுக்கு மட்டும் பதில் எழுதினேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. குழுவில் மற்றவர்களும் அவருக்கு மதிப்பெண்ணை வாரி வழங்கியிருந்தார்கள். மேடம் முதலிடம். இயற்பியல் பேராசிரியர் கடைசி. முதல்வர் பூரித்துப்போய், அடுத்த வாரம் எல்லா ஆசிரியர்களுக்கும் மேடம் ஒரு மாதிரி வகுப்பு நடத்துவார் என்று அறிவித்துவிட்டார்.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கலையரங்கத்து மேடைக்குக் கைப்பிடி இல்லாத படிகள். அவர் தொட்டுப் பழகாத மேசை, வேறு கணினி. நான் போகும் பஸ் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அவர் அந்தப் படியில் தடுக்கி விழுவதுதான் கண்ணில் வந்தது. தாங்க முடியாமல், "உடம்புக்கு முடியலன்னு லீவு போட்டுருங்க மேடம்" என்றேன். "அன்னைக்கு ஒருநாள் போடலாம். அதுக்குப் பொறவு?" என்று கேட்டார்.

அன்று எல்லோர் கண்முன்னும் என் தோளைப் பற்றிக்கொண்டுதான் படியேறினார். அதுவரை கல்லூரியில் அவர் யார் கையையும் பிடித்ததில்லை. காதிலிருந்த ஒயரை உருவி, கைப்பேசியை ஒலிபெருக்கியில் இணைக்கச் சொன்னார். அவர் விரல் தொட்டதையெல்லாம் ஒரு குரல் படபடவென்று வாசிக்க, அரங்கம் விழித்தது. "நான் கெட்டிக்காரின்னு மார்க்கு போட்டிருக்கீங்க. எனக்குக் கண்ணு தெரியல. இது இல்லாம என்னால ஒரு வகுப்பு எடுக்க முடியாது. அவ்வளவுதான் வெவரம்" என்றார்.

முதல்வர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இயற்பியல் பேராசிரியர் எழுந்தார். கிண்டல் வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்தேன்.

"மேடம், அந்தக் குரல் ரொம்ப வேகமாப் போவுது. கொஞ்சம் பைய வாசிக்க வைக்க முடியுமா?" என்றார். சற்று நின்று, "சர்க்கரையில எனக்கும் கண்ணு மங்கிட்டே வருது. கம்ப்யூட்டர்ல எழுத்தே தெரிய மாட்டேங்கு. நான் போர்டுல பெருசா எழுதுதது வீம்புக்கு இல்ல" என்றார்.

முதலிடத்துக்கும் கடைசியிடத்துக்கும் காரணம் ஒன்றாக இருந்தது. இரண்டு வகுப்பிலும் உட்கார்ந்திருந்த எனக்கு மேடத்தின் காரணம் மட்டும்தான் தெரிந்தது.

அதன்பின் இருவரும் வகுப்பில் நீடிக்கலாமா என்று முடிவு வரும்வரை முதல்வர் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் மேடம் தலை நிமிரும். கடைசியில் இருவருக்கும் வகுப்புகள் அப்படியே நீடித்தன. விடைத்தாள் திருத்த மட்டும் மேடத்துக்கு ஓர் உதவியாளரைக் கொடுத்தார்கள். ஓய்வுபெறும்வரை அவர் பாடம் நடத்தினார். இயற்பியல்காரர் மதிய இடைவேளைகளில் அவரிடம் கைப்பேசி பழகினார். ஒருவர் பிழையை ஒருவர் திருத்துவது வராந்தாவரை கேட்கும்.

இப்போது அந்தக் குழுவுக்கு நான்தான் பொறுப்பு. இந்த ஆண்டு முதல் யாரும் வகுப்புக்குள் போக வேண்டியதில்லையாம். எந்தக் கருவி எவ்வளவு நேரம் ஓடியது என்று கணினியே கணக்கெடுத்து மதிப்பெண்ணும் போட்டுவிடும். நேற்று அந்தப் பட்டியல் வந்தது. கடைசியில் ஓர் இளம் ஆசிரியர் பெயர். "நான் போய் ஒரு வகுப்பு உக்காந்து பாக்குதேன் சார்" என்றேன் புதிய முதல்வரிடம். "எதுக்கு மேடம் அலைச்சல்? அதான் மார்க்கு வந்துட்டே" என்றார். எனக்கு மார்க்கு வந்ததுதான் பயமாக இருக்கிறது. நாளை அந்த இளம் ஆசிரியருக்கு முதல் பாடவேளை. போகிறேன்.