அரக்கில் பதித்த துப்பாக்கி

சின்னமனூரில் அரிவாளுக்குப் பிடி போடச் சுருளிவேலை விட்டால் ஆளில்லை. அரக்கையும் செங்கல் தூளையும் சேர்த்து உருக்கிப் பிடியின் துளையில் ஊற்றி, அரிவாளின் காம்பைச் செருகுவார். அவர் போட்ட பிடி கழன்றதில்லை.

1938 மழைக்குப் பிறகு ஓடைப்பட்டி முதலாளி வேலுச்சாமியின் ரைபிள் அவரிடம் வந்தது. கடலைக்காட்டை அழிக்கும் பன்றிகளைச் சுட வைத்திருந்தது. குறி தப்பிக்கொண்டே இருந்தது. மழையில் உப்பிய கட்டை மறுபடி காய்ந்ததில் குழலும் அதன் அடி இரும்பும் அதற்குள் ஆடின.

சுருளிவேல் இரும்பில் விளக்குக்கரி பூசிக் கட்டையில் வைத்து எடுத்தார். கரி ஒட்டிய மேடுகளைச் செதுக்கினார். இடைவெளியை அரக்கால் நிரப்பத் தொடங்கினார்.

மதுரை ஆலையில் எந்திரம் பொருத்தும் பிட்டராயிருந்த மகன் கருத்தக்கண்ணன் அப்போது ஊருக்கு வந்திருந்தான்.

"வெயில்ல இளகாதாப்பா?"

"அருவாப் பிடி இளகுச்சாலே? ஆலையில எண்ணெ ஊத்துறவன் எனக்குச் சொல்ல வந்துட்டான்!"

மகன் சிரித்துவிட்டான். அரிவாளில் அரக்கு மரத்துக்குள் மறைந்திருக்கும். இதில் வெயிலில் காயும் இரும்பு நேராக அதன்மேல் கிடக்கும். அது அவனுக்குத் தெரியும். ஆனாலும் அரக்குச் சட்டியை எடுத்து அப்பாவிடம் நீட்டினான்.

விடியலில் சுட்டுப் பார்த்தார்கள். குறிக்கு வைத்த சிரட்டை சிதறியது. வேலுச்சாமிக்குப் பூரிப்பு. "வேட்டைக்கு நீயும் வாய்யா. ஒன் கைவேலையக் கண்ணால பாரு."

பன்றியைக் கலைக்க ஆள் சேரும் வரை துப்பாக்கி வண்டியில் உச்சி வெயிலில் கிடந்தது. ஓடையிலிருந்து கிளம்பிய பன்றியின் நெஞ்சுக்கு வேலுச்சாமி வைத்த குண்டு பின்னங்காலில் பட்டது. அது திரும்பிச் சுருளிவேலின் தொடையைக் கிழித்தது.

கூட வந்திருந்த கருத்தக்கண்ணன் துண்டை வைத்து அழுத்தினான். ரத்தம் நிற்கவில்லை. வேலுச்சாமி மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"எங் கை நடுங்கிருச்சு. நாந்தேன் கொன்னுட்டேன்."

"துப்பாக்கி எங்கன கெடந்துச்சு?" என்றார் சுருளிவேல்.

"வண்டியில. வெயில்ல."

"இங்கன கொண்டாங்க."

இரும்பின் ஓரத்தில் அரக்கு பிதுங்கியிருந்தது. கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். இறங்கியது.

"மொதலாளி கை நடுங்கல. எம் அரக்குத்தேன் இளகி இரும்பு நகந்துருச்சு. ஏலே, அவுக மேல பழி போட்டுறாத."

வண்டி சின்னமனூர் வருமுன் மூச்சு நின்றுவிட்டது.

வாசலில் இருளம்மாள் மண்ணை வாரி வேலுச்சாமியின் முகத்தில் எறிந்தாள். "எம் புருசனக் கொல்லவா துப்பாக்கி வாங்குனீக?" அவர் முகத்தைத் துடைக்கக்கூட இல்லை.

கருத்தக்கண்ணன் வண்டியிலிருந்து துப்பாக்கியை எடுத்துவந்தான். அரக்கு ஆறி இறுகியிருந்தது. அம்மாவின் விரலைப் பிடித்து அதில் பதிந்திருந்த பள்ளத்தில் வைத்தான்.

"அப்பா நகம், ஆத்தா."