டர்னக்கோ என்றொரு மருந்து

எம்.ஏ. வரலாறு முதலாண்டில் எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு பழைய புத்தகம் கொடுத்தார்கள். வேலூரில் எங்கள் கல்லூரி நூலகத்தின் மாடியில் அரிய நூல்களுக்கென்று ஒரு அறை இருந்தது. இரண்டு மாதம் மதிய வேளைகளில் அங்கே உட்கார்ந்து, கையில் இருக்கும் அந்த ஒரு புத்தகத்தைப் பற்றி இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். "உள்ள என்ன அச்சடிச்சிருக்குன்னு எனக்கு வேணாம். அந்தப் புத்தகத்துக்கு என்ன நடந்துச்சு, அதைச் சொல்லுங்க" என்றார் எங்கள் பேராசிரியர்.

எனக்கு வந்தது, பிரசவம் பார்க்கும் நர்சுகளுக்கான ஒரு தமிழ்க் கையேடு. அட்டையும் இல்லை, முதல் பக்கமும் இல்லை. நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும் என்றார் நூலகர் மேடம். கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொட வேண்டும், பேனா பக்கத்திலேயே வரக்கூடாது, பென்சில் மட்டும். பக்கம் மூடிக்கொள்ளாமல் இருக்க, மணல் அடைத்த நீளமான தோல்பை ஒன்றை மேலே படுக்க வைப்போம். ஷூ கம்பெனியில் வெட்டிப் போட்ட துண்டுத் தோலில் மேடமே தைத்தது.

அந்தப் புத்தகத்தின் ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. தமிழ் எழுத்துதான், ஆனால் ஒரு சொல்லும் தமிழ் இல்லை. டர்னக்கோ. சாஸ்சோடோ. ஜோர்லகாவ். கிதர்துக்தா. நூலகப் பட்டியலில் 'ஓரங்களில் பொருள் விளங்காத கிறுக்கல்' என்று ஒரு வரியோடு முடித்திருந்தார்கள். எனக்கு அது போதவில்லை. எல்லாமே வலி, ரத்தப்போக்கு என்று வருகிற பக்கங்களின் ஓரத்தில் இருந்தன. அப்படியென்றால் இவை மருந்துப் பெயர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இருபத்திரண்டு சொற்களைத் தாளில் எழுதிக்கொண்டு, பஜாரில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, ஒண்ணுகூட கேள்விப்பட்டதில்லையே. வடநாட்டு வேரா இருக்கும். திப்பிலி வேணும்னா தர்றேன்."

திப்பிலி வாங்கிக்கொண்டு வந்தேன். கடைக்காரருக்கே தெரியவில்லை என்றால் இவை வழக்கொழிந்த மருந்துகள், அதைக் கண்டுபிடித்தவள் நான். எங்கள் ஊர் அணைக்கட்டுக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தது அன்றைக்குத் தெரியவில்லை. ஆறு பக்கம் எழுதினேன்.

வகுப்பில் அதைப் படிக்கும் நாள் வந்தது. 'டர்னக்கோ என்பது பேறுகால வலியைத் தணிக்கும் மருந்தாக இருந்திருக்கலாம்' என்ற வரிக்கு வந்தேன். கடைசி பெஞ்சில் ஒருத்தி துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். தினமும் ஆம்பூரிலிருந்து ரயிலில் வருகிறவள். அதுவரை அவளோடு பத்து வார்த்தைகூட நான் பேசியதில்லை. அடுத்த வரியில், 'ஜோர்லகாவைப் பாலில் கலந்து கொடுத்திருக்கவும் கூடும்' என்றேன். அவளால் அடக்க முடியவில்லை.

"என்னம்மா?" என்றார் சார்.

அவள் எழுந்தாள். "சாரி சார். அது மருந்து இல்ல. ஜோர் லகாவ்னா நல்லா முக்குன்னு அர்த்தம். எங்க வீட்ல பேசற உருது. டர் நக்கோன்னா பயப்படாதே."

வகுப்பே சிரித்தது. என் காதெல்லாம் சூடாகிவிட்டது. பஜாரில் எத்தனையோ தடவை காதில் விழுந்த பாஷைதான். தமிழ் எழுத்தில் அதைப் பார்ப்பேன் என்று நான் நினைக்கவே இல்லை. தாளை மடித்து உட்காரப் போனேன். சார் விடவில்லை.

"உக்காராத. அடுத்ததைப் படி."

"கிதர்துக்தா."

"எங்க வலிக்குது" என்றாள் அவள்.

"சாஸ்சோடோ."

"மூச்சை விடு."

"பானிப்பியோ."

"தண்ணி குடி."

ஐந்தாறு சொல் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அறையில் யாரோ ஒரு பெண்ணுக்குப் பிரசவம் நடப்பதுபோல எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவமானமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. என் ஆறு பக்கத்தைவிட இது எவ்வளவோ பெரிது என்று மட்டும் புரிந்தது.

"ரெண்டு பேரும் சேந்து பண்ணுங்க" என்றார் சார்.

"என் புத்தகம் சார்?" என்றாள் அவள். அவளுக்குக் கிடைத்திருந்தது ஒரு பழைய ரயில் கால அட்டவணை.

"அந்த ரயிலெல்லாம் போய் ரொம்ப நாளாச்சு. நீ மெதுவா பிடிச்சுக்கலாம்."

மறுநாளிலிருந்து நாங்கள் கடைசி மேஜையில் ஒன்றாக உட்கார்ந்தோம். சேர்த்து எழுதிய அந்தப் பழைய கையெழுத்தைப் பார்த்தால் அவளுக்கு ஒன்றும் விளங்காது. நான் மெல்லப் படித்தால், கண்ணை மூடிக்கொண்டு கேட்டுச் சொல்லிவிடுவாள். எனக்கு எழுத்து தெரியும், அவளுக்குச் சத்தம் தெரியும். தமிழ் மட்டும் அறிந்த யாரோ ஒரு டாக்டரோ நர்ஸோ, உருது பேசும் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் காதால் கேட்டு எழுதி வைத்துக்கொண்டது இது என்று தெளிவானது.

கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு வரி அவளுக்கும் பிடிபடவில்லை. 'மைசீக்ரியூம்அஸ்நக்கோ.' நாலு தடவை படித்துக் காட்டினேன்.

"இரு, அம்மியக் கேக்கலாம். இப்ப லஞ்ச் டைம்" என்று வெளியே வராந்தாவுக்கு இழுத்துப் போனாள். அவள் அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவர். போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மி, என் தோஸ்த் ஒண்ணு படிப்பா, இன்னான்னு சொல்லு."

படித்தேன். அந்தப் பக்கம் டிபன் பாக்ஸ் சத்தம். "இன்னொரு வாட்டி சொல்லும்மா" என்றார். சொன்னேன். சட்டென்று சிரிப்பு. அவர் பக்கத்தில் இருந்த பெண்களுக்குச் சொல்ல, அங்கே ஏழெட்டுக் குரல் சேர்ந்து சிரித்தது.

"அஸ் இல்லம்மா, ஹஸ். ஹஸ் நக்கோ. நான் கத்துக்கினு இருக்கறேன், சிரிக்காதேன்னு அர்த்தம். யார் சொன்னது?"

"நூறு வருஷத்துக்கு முன்னாடி பிரசவம் பாத்த யாரோ எழுதி வச்சது" என்றேன்.

அதையும் அங்கே எல்லாருக்கும் சொன்னார். "பாவம்" என்றார் பிறகு. "நம்மாளுங்க ஜாஸ்தி சிரிச்சிருப்பாளுங்க."

போனை வைத்ததும் இவள் என் கையைப் பிடித்தாள். "சீக்ரியூம். 'ரி' வருது பாத்தியா? ஆம்பள பேசினா அது வராது. எழுதினது பொம்பளதான்டி." பெயர் இல்லை, ஊர் இல்லை, முதல் பக்கம்கூட இல்லை. ஒரு எழுத்திலிருந்து அதை எழுதியவள் வெளியே வந்துவிட்டாள். நாங்கள் இருவரும் வராந்தாவில் குதித்தோம். மேடம் எட்டிப் பார்த்து, விஷயத்தைக் கேட்டு, எங்களைத் திட்ட மறந்துபோனார். அன்றைக்கே பட்டியலில் அந்த வரியை மாற்றினார். 'எழுதியவர் பெண்' என்பதா, 'பெண்ணாக இருக்க வேண்டும்' என்பதா என்று மூவரும் அரை மணி நேரம் சண்டை போட்டோம். இரண்டாவதுதான் ஜெயித்தது.

பருவத்தின் முடிவில் எல்லாப் புத்தகங்களையும் ஒருநாள் காட்சிக்கு வைத்தோம். பார்க்க வந்தவர்களில் கேரளத்திலிருந்து வந்து இங்கே நர்சிங் படிக்கும் ஒரு பெண், சொற்களையும் பொருளையும் எழுதி வைத்திருந்த எங்கள் மேஜையை விட்டு நகரவே இல்லை. "சேச்சி, இது எனக்கு இப்பவே வேணும். வார்டுல உருதுக்காரங்க பேசறது ஒண்ணும் புரியறதில்ல" என்றாள். மொத்தப் பட்டியலையும் நோட்டில் எழுதிக்கொண்டாள், மலையாள எழுத்தில். ஆம்பூர்க்காரி ஒவ்வொன்றாக உச்சரித்துக் காட்ட, அவள் திருப்பிச் சொல்ல, எனக்கும் பாதி மனப்பாடம் ஆகிவிட்டது.

ஒரு வாரம் கழித்து அந்த நர்சிங் பெண்ணிடமிருந்து குரல் செய்தி வந்தது. "சேச்சி, இன்னைக்கு ஒரு அம்மாகிட்ட கிதர் துக்தான்னு கேட்டேன். அவங்களுக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? பத்து நிமிஷம் உருதுலயே பதில் சொன்னாங்க. எனக்கு ஒரு வார்த்தையும் புரியல. பதிலுக்கும் ஒரு லிஸ்ட் வேணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் நோட்டை எடுத்துக்கொண்டு ஆம்பூருக்கு ரயில் ஏறினேன். அம்மியும் அவரோடு தைக்கிற இரண்டு பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். எங்கெங்கே எப்படியெல்லாம் வலிக்கும் என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள்.